தொழிற்சங்கம் இல்லாத ஊதியப் பேச்சு: இந்திய விமானிகளும் வீரகேரளம்புதூர் வட்டாரப் பீடித் தொழிலாளரும்

ஆய்வுச் சுருக்கம்

ஊதியம் குறித்து நிறுவனத்துடன் பேசும் பொறுப்பு தொழிற்சங்கத்திடம் இல்லாத இடங்களில் அப்பேச்சு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 2009 முதல் 2024 வரை இந்திய விமான நிறுவனங்களில் எழுந்த விமானிகளின் பணிப் பூசல்கள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஒப்பீட்டிற்குத் தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர் வட்டாரத்துப் பீடி சுற்றும் தொழில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. வருமானத்தில் இரு துருவங்களாக நிற்கும் இத்தொழில்கள் இரண்டிலும், பேச்சுவார்த்தையில் இடம்பெறும் உரிமையைத் தீர்மானிப்பது ஊதியத்தின் அளவு அன்று. தொழிலாளர் பட்டியலில் யார் எண்ணப்படுகிறார் என்பதே அதனைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கூட்டுப் பேரம், விமானிகள், சங்க அங்கீகாரம், பீடித் தொழில், வீரகேரளம்புதூர், தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு.

1. முன்னுரை

தொழிற்சங்கம் என்றவுடன் ஆலைத் தொழிலாளரும் போக்குவரத்துத் தொழிலாளரும் நினைவுக்கு வருவது இயல்பு. மாதந்தோறும் சில இலட்சம் ரூபாய் ஈட்டும் விமானிக்குச் சங்கம் எதற்கு என்னும் வினா பொதுமக்களிடம் மட்டுமின்றி விமானிகளிடையேயும் எழுவதுண்டு. திறமையும் உரிமமும் உடைய ஒருவர் தமக்குரிய ஊதியத்தைத் தாமே பேசிப் பெற முடியும் என்பது ஒரு தரப்பு. எத்துணைத் திறமை இருப்பினும் தனி ஒருவர் பெருநிறுவனத்தின் முன் சமநிலையில் அமர இயலாது என்பது மறுதரப்பு. இவ்விவாதம் அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா ஆகிய மூன்று நிலப்பரப்புகளிலும் நடந்துள்ளது, இன்றும் தொடர்கிறது.

இவ்விவாதத்தை விமானத் துறைக்குள் மட்டும் வைத்துப் பார்த்தால் அதன் ஒரு முகமே தெரியும். சிற்றாற்றங்கரையில் உள்ள வீரகேரளம்புதூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பீடி சுற்றுவது பெண்களின் முதன்மையான வருவாய்த் தொழில்களுள் ஒன்று. அவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கின்றனர். ஊதிய உடன்பாடு வேறோரிடத்தில் பேசி முடிக்கப்படுகிறது. பேசுமிடத்தில் தாம் இல்லாத நிலையை விமானியும் பீடித் தொழிலாளரும் வெவ்வேறு வழிகளில் அடைகின்றனர். அவ்வழிகளை ஒப்பிட்டுக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

2. வரலாற்றுப் பின்னணி

தமிழ்நாட்டில் ஊதியப் பேச்சு தொழிற்சங்கத்திற்கு முந்தியது. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது அங்குப் பதிவுபெற்ற சங்கம் எதுவும் இல்லை. பதிவு செய்வதற்கான சட்டமும் இல்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் சார்பில் நின்றனர். மார்ச்சு முதல் வாரத்தில் ஊதிய உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வார விடுமுறை ஆகியவற்றுக்கு நிருவாகம் இணங்கியது. அப்பேச்சின் வலிமை தலைவர்களின் செல்வாக்கையும் ஊர்மக்களின் ஆதரவையும் சார்ந்திருந்தது. தலைவர்கள் சிறைப்பட்டபின் அவ்வலிமையைத் தாங்கி நிற்கும் நிலையான அமைப்பு எதுவும் அங்கு இல்லை.

1918ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி.வாடியா, திரு.வி.க. முதலியோர் அதனை வழிநடத்தினர். பின்னி நிறுவனம் சங்கத் தலைவர்கள் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. ஒப்பந்தத்தை மீறத் தொழிலாளரைத் தூண்டினர் என்பதே வழக்கின் அடிப்படை. சங்கம் நடத்துவதே இழப்பீட்டுக்குரிய செயலாகக் கருதப்படலாம் என்னும் இந்நிலை, தொழிற்சங்கச் சட்டம் 1926 உருவாவதற்கான காரணங்களுள் ஒன்றாயிற்று.

அச்சட்டம் சங்கத்தைப் பதிவு செய்யும் வழியைத் தந்தது. பதிவுபெற்ற சங்கத்தினரை உரிமையியல், குற்றவியல் வழக்குகளிலிருந்து ஓரளவு காத்தது. ஆனால் சங்கத்துடன் நிறுவனம் பேசியே ஆகவேண்டும் என்று கூறவில்லை. பதிவு வேறு, அங்கீகாரம் வேறு என்னும் இவ்வேறுபாடு பின்னர் விமானத் துறையில் எழுந்த பூசல்கள் பலவற்றின் வேராக அமைந்தது. சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19(1)(இ) பிரிவில் அடங்கும். அவ்வுரிமை பயனுள்ள கூட்டுப் பேரத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் உறுதியளிப்பதாகாது என்று அகில இந்திய வங்கி ஊழியர் சங்க வழக்கில் உச்சநீதிமன்றம் 1961இல் தீர்ப்பளித்தது.

3. விமானியின் ஊதியம் அமையும் முறை

பூசலின் தன்மையை உணர ஊதிய அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். விமானியின் ஊதியத்தில் நிலையான பகுதி ஒன்றும், பறக்கும் மணிக்கணக்கைச் சார்ந்த பகுதி ஒன்றும் உண்டு. எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும் என்பதை விமானி முடிவு செய்வதில்லை. பணிப் பட்டியலை நிறுவனமே வகுக்கிறது. எனவே குறைவாகப் பறந்தாலும் குறிப்பிட்ட மணி நேரத்திற்கான ஊதியம் கிடைக்கும் என்னும் உறுதி ஒப்பந்தத்தில் சேர்க்கப்படுகிறது. இவ்வுறுதி நேரமே ஊதியப் பேச்சின் மையப்பொருள்.

எடுத்துக்காட்டாக, உறுதி நேரம் 70 மணி என்று கொள்வோம். ஒரு மாதத்தில் 50 மணி நேரமே பறந்த விமானிக்கு 70 மணி நேரத்திற்கான தொகை கிடைக்கும். உறுதி நேரம் 40 மணியாகக் குறைக்கப்பட்டால் அதே விமானி 50 மணி நேரத்திற்கான தொகையை மட்டுமே பெறுவார். மணிக்கான வீதம் மாறவில்லை, வேலையும் மாறவில்லை. ஆயினும் மணிக்கணக்கு சார்ந்த வருவாய் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைகிறது. ஓராண்டில் 1,000 மணி நேரத்திற்கு மேல் பறக்க இந்திய விதிகள் இடம் தருவதில்லை. அதாவது மாதச் சராசரி உச்சவரம்பு 83 மணி. ஆகவே குறைந்ததை அதிக நேரம் பறந்து ஈடுசெய்வதற்கும் எல்லை உண்டு. வானிலை, விமானப் பற்றாக்குறை, நோய், பயணிகள் குறைவு முதலிய இடர்களின் சுமையை நிறுவனம் ஏற்கிறதா, விமானி ஏற்கிறாரா என்னும் வினாவே உறுதி நேரம் என்ற ஓர் எண்ணுக்குள் அடங்கியுள்ளது.

இங்குப் பணிமாறுதலின் கடினமும் கருதத்தக்கது. விமான நிறுவனங்களில் பதவி உயர்வும் பணிப்பட்டியல் முன்னுரிமையும் பெரும்பாலும் பணிமூப்பு வரிசையைச் சார்ந்தவை. வேறு நிறுவனத்திற்குச் செல்பவர் அங்கு வரிசையின் கடைசியில் சேர நேரிடலாம். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் விதிப்படி தலைமை விமானி ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்பு தந்த பின்னரே விலக முடியும். பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல், நிறைவின்மையைக் காட்ட மனிதருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: ஒன்று விலகுதல், மற்றொன்று குரல் எழுப்புதல். விலகும் வழி குறுகும்போது குரலின் தேவை பெருகுகிறது. விமானிக்கு விலகும் வழி விதியாலேயே குறுக்கப்பட்டுள்ளது.

4. சட்டத்தின் பார்வையில் விமானி

தொழில் தகராறுகள் சட்டம் 1947 'தொழிலாளர்' என்பதற்குத் தந்த வரையறை ஊதியத்தின் அளவை மட்டும் கொண்டதன்று. உடலுழைப்பு, திறன்சார் பணி, தொழில்நுட்பப் பணி, இயக்கப் பணி, எழுத்துப் பணி முதலியவற்றைச் செய்வோர் தொழிலாளரே. நிருவாகப் பணியினர் வரையறைக்குப் புறம்பானவர். மேற்பார்வைப் பணியினருக்கு மட்டுமே ஊதிய வரம்பு உண்டு. அது 2010இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எனவே விமானி செய்வது திறன்சார் பணியா, மேற்பார்வைப் பணியா என்பதே வினா. தலைமை விமானியின் ஆணைக்குத் துணை விமானியும் பணிக்குழுவினரும் கட்டுப்பட்டவர் என்பது உண்மை. எனினும் அவரது முதன்மைப் பணி விமானத்தை ஓட்டுவதே என்ற அடிப்படையில், விமானி வரையறைக்குள் வருவார் என்று தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

இவ்வாறு வரையறைக்குள் வருவதன் பயன் யாது? ஒருவரது பணிநீக்கம் தனி ஒருவரின் பூசலாகவே சட்டத்தின் முன் செல்லலாம். ஊதியப் பூசல் அவ்வாறு செல்வதில்லை. சங்கமோ, கணிசமான எண்ணிக்கையிலான தொழிலாளரோ அதனை ஏற்றுக்கொண்டால்தான் அது தொழில் தகராறு ஆகும். அதாவது ஊதியம் என்ற பொருளைச் சட்டம் கூட்டாகவே காண்கிறது.

இங்குப் பலரும் கவனிக்காத ஒரு கூறு உண்டு. சங்கம் இல்லாத நிலையிலும் கூட்டு உடன்பாடு செய்துகொள்ளச் சட்டம் வழி வைத்திருந்தது. விமானப் போக்குவரத்து நடுவண் அரசின் வரம்பில் அடங்கும் தொழில். அவ்வரம்புக்குரிய 1957ஆம் ஆண்டு விதிகளின்படி, தொழிலாளர் கூட்டத்தில் முறைப்படி அதிகாரம் பெற்ற ஐந்து சார்பாளர்கள் உடன்பாட்டில் கையொப்பமிடலாம். ஆகவே 'சங்கம் இல்லையேல் தனித்தனியே பேசுவதே வழி' என்னும் கருத்து சட்ட அடிப்படை அற்றது. ஆயினும் அந்த ஐவரைச் சந்திக்க நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் விதி எதுவும் இருக்கவில்லை.

5. சங்கம் இல்லாத இடத்தில் மூன்று வழிகள்

5.1 தனி ஒப்பந்தம்

முதல் வழி, ஒவ்வொருவரும் நிறுவனத்துடன் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொள்வது. அமெரிக்காவின் ஜெட்புளூ நிறுவனம் 2000ஆம் ஆண்டு பறக்கத் தொடங்கியது முதல் இம்முறையைக் கையாண்டது. அதன் விமானிகள் சங்கத்தை ஏற்பதா என்று வாக்களித்து 2011இல் மறுத்தனர். 2014 ஏப்ரலில் பெரும்பான்மையோர் ஏற்றனர். முதல் கூட்டு உடன்பாடு 2018இல்தான் கைகூடியது. சங்கம் வந்தவுடன் ஊதியம் உயர்ந்துவிடும் என்னும் எளிய கருத்தையும் இந்நான்கு ஆண்டு இடைவெளி மறுக்கிறது.

தனி ஒப்பந்தம் என்ற பெயரும் நுணுகிப் பார்க்கத்தக்கது. நூற்றுக்கணக்கான விமானிகளுக்கு ஒரே வாசகம் அனுப்பப்பட்டு, குறித்த நாளுக்குள் கையொப்பம் கேட்கப்படும்போது, அங்குத் தனிப்பேச்சு நடைபெறுவதில்லை. நிறுவனம் அனைவருக்கும் சேர்த்து ஒரு முடிவை எடுக்கிறது. விமானிகள் தனித்தனியே விடை கூறுகின்றனர்.

5.2 நிறுவனத்திற்குள் அமையும் குழு

இரண்டாம் வழி, நிறுவனத்தின் இசைவுடன் இயங்கும் உட்குழு. அமெரிக்காவின் ஸ்கைவெஸ்ட் நிறுவனத்தில் விமானிகளின் உள்ளமைப்பு ஒன்று ஊதியத் திட்டங்களை நிருவாகத்துடன் பேசுகிறது. அத்திட்டங்கள் விமானிகளின் வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன. அவ்வமைப்பு நாட்டின் தொழிலுறவுச் சட்டப்படி சான்று பெற்ற சங்கம் அன்று. ஐரோப்பாவில் ரயன்ஏர் நிறுவனம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எச்சங்கத்தையும் ஏற்காமல், ஒவ்வொரு தளத்திலும் பணியாளர் குழுக்களுடன் பேசிவந்தது. 2017 செப்டம்பரில் பணிப்பட்டியல் குழப்பத்தால் ஆயிரக்கணக்கான பயணங்கள் நீக்கப்பட்டன. விமானிகள் தங்கள் தேவையின் அளவை உணர்ந்த அத்தருணத்தில் தளந்தோறும் பிரிந்திருந்த குழுமுறை ஆட்டம் கண்டது. அவ்வாண்டு டிசம்பரில் சங்கங்களை ஏற்பதாக நிறுவனம் அறிவித்தது.

இந்தியச் சட்டத்திலும் நூறு தொழிலாளருக்கு மேல் உள்ள நிறுவனங்களில் பணிக்குழு அமைக்க இடமுண்டு. ஆனால் அது நாள்தோறும் எழும் உரசல்களைத் தணிப்பதற்கான குழுவேயன்றி, கூட்டுப் பேரத்தில் சங்கத்தின் இடத்தை நிரப்புவதற்கு உரியதன்று என்று நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் உச்சநீதிமன்றம் 1960இல் தெளிவுபடுத்தியது. உட்குழுவின் குறை அதன் உறுப்பினரின் நேர்மையில் இல்லை. 'இல்லை' என்று நிறுவனம் கூறும்போது அடுத்துச் செய்ய அக்குழுவிடம் ஒன்றும் இல்லை என்பதே அதன் குறை.

5.3 மனுவும் நோய் விடுப்பும்

மூன்றாம் வழி இந்தியாவில் மீண்டும் மீண்டும் காணப்படுவது. 2009இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் தேசிய விமானிகள் கழகம் என்னும் சங்கத்தைத் தொடங்கினர். மூத்த விமானிகள் இருவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். சங்கப் பணியே நீக்கத்திற்குக் காரணம் என்று விமானிகள் கருதினர். செப்டம்பர் 8 முதல் நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே வேளையில் நோய் விடுப்பு எடுத்தனர். ஐந்து நாள் பயணங்கள் முடங்கின. மும்பை உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. முடிவில் நீக்கப்பட்டோர் மீண்டும் சேர்க்கப்பட்டனர். இரு தரப்பினரும் அடங்கிய கலந்தாய்வுக் குழு ஒன்றுக்கு உடன்பாடு ஏற்பட்டது. சங்கம் கேட்டுத் தொடங்கிய போராட்டம் கலந்தாய்வுக் குழுவில் முடிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 17 அன்று அந்நிறுவனம் பறப்பதை நிறுத்தியபோது விமானிகளுக்கு ஊதியம் நிலுவையில் இருந்தது.

ஏர் இந்தியாவின் நிலை சற்று வேறானது. அங்கு இந்திய விமானிகள் கழகமும் இந்திய வணிக விமானிகள் சங்கமும் நெடுங்காலம் பேச்சுவார்த்தைத் தரப்புகளாக இருந்தன. 2011இல் பத்து நாள், 2012இல் 58 நாள் என இரு பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. இரண்டின் போதும் சங்க அங்கீகாரம் நீக்கப்பட்டது. 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் டாட்டா குழுமத்தின் கைக்கு மாறியது. 2023 ஏப்ரலில் புதிய ஊதிய ஒப்பந்தம் விமானிகளுக்குத் தனித்தனியே அனுப்பப்பட்டது. உறுதி நேரம் 70 மணியிலிருந்து 40 மணியாகக் குறைக்கப்பட்டிருந்தது. கையொப்பமிட வேண்டாம் என்று சங்கங்கள் கூறின; அங்கீகாரம் பெற்ற சங்கம் எதுவும் இல்லை என்பது நிருவாகத்தின் நிலைப்பாடு. 1,500க்கும் மேற்பட்ட விமானிகள் கையொப்பமிட்ட மனு ரத்தன் டாட்டாவுக்கு அனுப்பப்பட்டது. பேசுவதற்குரிய இடம் இல்லாதபோது மனு, நிறுவனத்தின் அன்றாட நிருவாகத்தில் இல்லாத ஒரு பெரியவரை நோக்கிச் செல்கிறது. பேச்சுவார்த்தையின் இடத்தை முறையீடு எடுத்துக்கொள்கிறது.

2024 ஏப்ரலில் விஸ்தாரா நிறுவனத்தில் இதே அமைப்பிலான ஒப்பந்தம் இணைப்பை முன்னிட்டு வந்தது. விமானிகள் பலர் பணிக்கு வராததால் நிறுவனம் நாள்தோறும் 25 முதல் 30 பயணங்களைக் குறைக்க நேர்ந்தது. அது அதன் திறனில் ஏறத்தாழ 10 விழுக்காடு. அவ்வாண்டு நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தது. இதற்கு முந்தைய ஆண்டு ஆகாசா ஏர் நிறுவனத்தில் விமானிகள் பலர் முன்னறிவிப்புக் காலத்தை நிறைவு செய்யாமல் விலகியதும், நிறுவனம் நீதிமன்றத்தை நாடியதும் இதன் மறுபக்கம். குரலுக்கு வழி இல்லாத இடத்தில் ஒரு பகுதியினர் நோய் விடுப்பையும், மற்றொரு பகுதியினர் விலகலையும் தேர்ந்தனர். இரண்டிலும் இழப்புற்றவருள் ஊதியப் பேச்சில் எவ்விதப் பங்கும் இல்லாத பயணிகளும் அடங்குவர்.

6. விவாதத்தின் இரு பக்கங்கள்

சங்கம் வேண்டா என்போரின் கருத்துகள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. சந்தையில் விமானிப் பற்றாக்குறை நிலவும் காலத்தில், நிறுவனங்கள் தாமாகவே ஊதியத்தை உயர்த்துகின்றன. சங்கப் பேச்சு ஆண்டுக்கணக்கில் நீளலாம். அதற்குள் சந்தை மாறிவிடலாம். பணிமூப்பையே அளவுகோலாகக் கொள்ளும் கூட்டு உடன்பாடு இளைய விமானிகளுக்குப் பாதகமாகலாம். 2011, 2012 வேலைநிறுத்தங்கள் காட்டுவது போல், வலிய சங்கங்களும் நினைத்ததை அடைவதில்லை. ஒரே நிறுவனத்தில் இரு சங்கங்கள் எதிரெதிர் நலன்களுடன் நிற்பதும் உண்டு.

இக்கருத்துகள் பெரும்பாலும் ஏறுமுகச் சந்தையைக் கருதியவை. இறங்குமுகத்தில் நிலை மாறுகிறது. 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றபோது, இந்திய நிறுவனங்கள் பலவும் விமானிகளின் ஊதியத்தைக் குறைத்தன; ஊதியமில்லா விடுப்பும் அளிக்கப்பட்டது. நிறுவனம் பிழைக்க ஊதியக் குறைப்பு இன்றியமையாததாக இருந்திருக்கலாம். ஆனால் எவ்வளவு குறைப்பது, எந்நிலையில் அது மீட்கப்படும், மீட்பின் அளவுகோல் யாது என்பன எழுத்தில் உடன்பாடாக வேண்டியவை. உடன்பாடு செய்ய மறுதரப்பு இல்லாத இடத்தில் குறைப்பு ஓர் அறிவிப்பாக வருகிறது; மீட்பும் நிறுவனம் விரும்பும் நாளில் ஓர் அறிவிப்பாகவே வருகிறது. சங்கத்தின் மதிப்பை ஊதிய உயர்வின் விழுக்காட்டைக் கொண்டு மட்டும் அளப்பது இதனால்தான் பிழையாகிறது.

7. வீரகேரளம்புதூர் வட்டாரம்: வீட்டில் இருக்கும் தொழிலாளர்

இனி ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொண்ட தொழிலைக் காணலாம். தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டது. வீரகேரளம்புதூர் அதன் வட்டங்களுள் ஒன்று. ஒருங்கிணைந்த திருநெல்வேலி மாவட்டம் தமிழ்நாட்டின் பீடித் தொழில் மையங்களுள் முதன்மையானது. பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கி, வீட்டில் இலையை வெட்டிச் சுற்றி, கட்டுகளாக்கித் திரும்பக் கடையில் ஒப்படைப்பது வழக்கம். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது.

விமானியின் ஊதியத்தோடு இதற்குள்ள ஒற்றுமை வியப்புக்குரியது. இரண்டும் அளவைச் சார்ந்தவை. அங்கு மணி, இங்கு ஆயிரம். வேலையின் அளவை இரண்டிலும் தருபவரே தீர்மானிக்கிறார். அங்குப் பணிப்பட்டியல், இங்கு இலையும் தூளும். கொடுக்கப்படும் இலை போதாதபோது சுற்றுபவர் தம் காசில் இலை வாங்கிக் குறையை நிரப்புவதுண்டு. கூலி வீதம் மாறாமலேயே வருவாய் குறையும் நிலை இது; உறுதி நேரக் குறைப்பால் விமானிக்கு நேர்வதும் இதுவே.

வேறுபாடும் உண்டு, அது எதிர்பார்ப்புக்கு மாறானது. எளியவரான பீடித் தொழிலாளருக்குச் சட்டம் ஓர் அடித்தளம் அமைத்திருந்தது. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948இன் அட்டவணையில் பீடித் தொழில் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966, மூலப்பொருள் பெற்று வீட்டில் பீடி சுற்றுபவரையும் தொழிலாளர் என வரையறுத்தது. சுற்றிய பீடி கழிக்கப்படுவது பற்றிய பூசலைத் தீர்க்கவும் வழி செய்தது. வீட்டில் இருப்பவர் தொழிலாளர் ஆகார் என்னும் வாதம் அச்சட்டத்தால் அடைபட்டது. தொழிற்சங்கங்களும் பீடி உற்பத்தியாளரும் கூலி குறித்துப் பேசி உடன்பாடு காணும் மரபும் இப்பகுதியில் உண்டு. சமரச அலுவலர் முன் காணப்பட்ட உடன்பாடு, தொழில் தகராறுகள் சட்டத்தின் 18(3) பிரிவின்படி, சங்க உறுப்பினர் அல்லாதாரையும் பின்னர் வேலைக்குச் சேர்வோரையும் கட்டுப்படுத்தும். ஆகவே வீரகேரளம்புதூரில் சங்கத்தின் பெயரையே அறியாத ஒருவருக்கும் அவ்வுடன்பாட்டின் கூலி உரியதாகிறது. விமானிக்கு இத்தகைய அடித்தளமோ, தொழில் முழுமைக்குமான உடன்பாடோ இல்லை.

ஆயினும் இவ்வுரிமைக்கு ஒரு வாயில் உண்டு. அது பாஸ் புத்தகம். கடையின் பதிவேட்டில் பெயர் உள்ளவரே தொழிலாளராக எண்ணப்படுகிறார். ஒரு வீட்டில் ஒரு பெயரில் புத்தகம் இருக்க, தாயும் மகளும் மருமகளும் சேர்ந்து சுற்றுவது வழக்கம். புத்தகமே இல்லாமல் இடைத்தரகரிடம் வாங்கிச் சுற்றுவோரும் உளர். அவர்கள் உழைப்பு கணக்கில் வருகிறது. அவர்கள் பெயர் கணக்கில் வருவதில்லை. சட்டம் அவர்களை ஏற்றுக்கொண்டுள்ளது; பதிவேடு ஏற்றுக்கொள்ளவில்லை.

8. புதிய சட்டத் தொகுப்பும் எண்ணிக்கையும்

2020இல் நிறைவேற்றப்பட்ட தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 1926, 1947 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இரண்டும் அதனுள் அடங்கின. அங்கீகாரம் பற்றிய நெடுநாள் வெற்றிடத்தை அது ஓரளவு நிரப்புகிறது. ஒரு நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளருள் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கம் ஒரே பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கப்பட வேண்டும். எச்சங்கத்திற்கும் அவ்வளவு ஆதரவு இல்லையெனில், 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவு உடைய சங்கங்களின் சார்பாளர்களைக் கொண்டு பேச்சுவார்த்தை மன்றம் அமைய வேண்டும்.

இதே தொகுப்பு வேலைநிறுத்தத்தின் வரையறையையும் விரித்துள்ளது. 50 விழுக்காட்டினரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நாளில் கூடித் தற்செயல் விடுப்பு எடுப்பதும் வேலைநிறுத்தமே. முன்னறிவிப்பு தந்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் செய்தல் இயலாது. பொதுப் பயன்பாட்டுப் பணி என்ற முறையில் விமானப் போக்குவரத்துக்கு இருந்த முன்னறிவிப்புக் கடமை இப்போது எல்லாத் தொழில்களுக்கும் பரவியுள்ளது. கூட்டு விடுப்பு என்னும் முறைசாரா வழி குறுகிவரும் நிலையில், முறைசார்ந்த பேச்சின் தேவை முன்னினும் மிகுந்துள்ளது.

அம்முறைசார்ந்த வாயில் எண்ணிக்கையால் திறக்கிறது. எண்ணப்படுவோர் யார் என்பதே இனி அடிப்படை வினா. மேற்பார்வைப் பணியினருக்கான ஊதிய வரம்பு புதிய தொகுப்பில் 18,000 ரூபாய். எந்த விமானியின் ஊதியமும் இதனை விஞ்சும். ஆகவே விமானியின் பணி மேற்பார்வை என்றோ நிருவாகம் என்றோ வகைப்படுத்தப்பட்டால், அவர் தொழிலாளர் பட்டியலிலிருந்து நீங்கிவிடுவார். ஏர் இந்தியாவின் 2023ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், தலைமை விமானிகள் நான்கு ஆண்டுகளுக்குப் பின் மூத்த நிலைக்கு உயர்ந்து நிருவாகப் பிரிவில் சேர்க்கப்படும் ஏற்பாட்டைச் சங்கங்கள் எதிர்த்ததன் காரணம் இதுவே. பதவியின் பெயர் உயர்வாகத் தோன்றினும், அது சங்கத்தின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடியது. பெயர் மாற்றம் மட்டும் பணியின் தன்மையை மாற்றாது என்பது நீதிமன்றங்களின் நெறி. ஆயினும் அதனை ஒவ்வொரு வழக்கிலும் மெய்ப்பிக்க ஆண்டுகள் பல செல்லும்.

பீடித் தொழிலிலும் இதே வினா எதிர்முனையிலிருந்து எழுகிறது. வருகைப் பதிவேடு என்பது தொழிற்கூடத்திற்கு வந்து செல்வோரை மனத்திற்கொண்ட சொல். வீட்டிலிருந்து சுற்றுபவரும், மற்றொருவர் புத்தகத்தில் சுற்றுபவரும் 51 விழுக்காட்டுக் கணக்கில் எவ்வாறு எண்ணப்படுவர் என்பது நடைமுறையைப் பொறுத்தது. விமானி பட்டியலுக்கு மேலே தள்ளப்படுகிறார். பீடி சுற்றும் பெண் பட்டியலுக்குக் கீழே நழுவுகிறார். விளைவு ஒன்றே: இருவர் சார்பிலும் பேச எவரும் இல்லை.

9. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பின்வருவன பெறப்படுகின்றன. ஊதியம் மிகுந்த தொழிலுக்குக் கூட்டுச் சார்பாண்மை தேவையில்லை என்னும் கருத்து, சந்தை ஏறுமுகமாக உள்ள காலத்தை மட்டும் கருதியது. இடரின் சுமை பங்கிடப்படும் வேளையில் அது பொருந்துவதில்லை. தனி ஒப்பந்தம் பெரும்பாலும் ஒருதலை முடிவின் வேறு பெயர். உட்குழு கருத்துரைக்கலாம், உடன்பாட்டைக் காக்கும் வலிமை அதற்கில்லை. மனுவும் நோய் விடுப்பும் பேச்சுவார்த்தை இல்லாமையின் அறிகுறிகளேயன்றி அதற்கு மாற்று அல்ல.

சங்கத்தை ஏற்பதும் மறுப்பதும் தொழிலாளரின் தேர்வு. அத்தேர்வை அவர்கள் செய்யும் முன்னரே அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது வேறு. எனவே புதிய தொகுப்பின் கீழ்ப் பேச்சுவார்த்தைச் சங்கம் சரிபார்க்கப்படும்போது, பணியின் பெயரைக் கொண்டன்றிப் பணியின் தன்மையைக் கொண்டு விமானிகள் எண்ணப்பட வேண்டும். புத்தகத்தின் எண்ணிக்கையைக் கொண்டன்றிச் சுற்றும் கைகளின் எண்ணிக்கையைக் கொண்டு பீடித் தொழிலாளர் எண்ணப்பட வேண்டும். ஊதியப் பேச்சு பேசுமிடத்தில் தொடங்குவதில்லை. பட்டியல் எழுதப்படும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.